ஊசி போட்ட அடுத்த மூன்று நாள்

உடம்பு குறைக்க ஊசி தொடங்குகிறவர்கள் முதல் மாதத்தில் விடும் பிழை பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஊசி தன் வேலையைச் செய்யட்டும், நாம் நம் சாப்பாட்டைச் சாப்பிடுவோம் என்று பழைய அளவிலேயே சோற்றைக் குவிப்பது ஒன்று. பசியே எடுக்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று காலையிலிருந்து பொழுதுபடும்வரை இரண்டு பிளேன்ரீயில் நாளை ஓட்டுவது மற்றது. முதலாமவர் இரவில் சத்தி எடுப்பார். இரண்டாமவர் கச்சான் காற்று அடிக்கிற ஒரு மத்தியானம் தலை சுற்றி அப்படியே இருந்துவிடுவார். கடைசியில் இருவரும் சொல்வது ஒரே வார்த்தை: "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை."

செமக்ளூட்டைட் என்ற மருந்து ஓசெம்பிக், விகோவி என்ற பெயர்களில் வருகிறது. டிர்செபடைட் மௌஞ்சாரோ என்ற பெயரில் வருகிறது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் உடம்பே சுரக்கும் சில சுரப்புகள் உண்டு. இந்த மருந்துகள் அவற்றின் வேலையைப் பார்க்கின்றன. போதும் என்ற சேதி மூளைக்கு முந்திப் போய்விடும். கூடவே இரைப்பை உள்ளே இருப்பதைக் குடலுக்குள் தள்ளுவது மெதுவாகும். ஓங்காளம், சத்தி, புளித்த ஏப்பம், நெஞ்செரிவு, வயிறு கல்லாய்க் கிடப்பது என்று பக்கவிளைவாகச் சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்த இரண்டாவது வேலையோடு சேர்ந்தது. முதல்நாள் இரவு பத்து மணிக்குத் தின்ற கொத்து ரொட்டியின் மிச்சம் காலையிலும் இரைப்பைக்குள் கிடக்கும்போது அதன்மேல் பாணும் சம்பலும் போய் விழுந்தால் வயிறு வேறு என்ன செய்யும்?

சலரோகம் (சீனி வருத்தம்) இல்லாத, உடல் பருமன் கூடிய 1961 பேரைச் சேர்த்து, அவர்களில் 1306 பேருக்கு செமக்ளூட்டைட் 2.4 மில்லிகிராம் வரை ஏற்றி, மற்றவர்களுக்கு வெறும் ஊசி போட்டு 68 வாரம் பார்த்த ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு ஓங்காளம், 31 பேருக்கு வயிற்றோட்டம், 25 பேருக்கு சத்தி, 23 பேருக்கு மலச்சிக்கல். மருந்தே இல்லாத வெறும் ஊசி போடப்பட்டவர்களிலும் நூற்றுக்கு 17 பேர் ஓங்காளம் என்றார்கள்; வயிறு எவ்வளவு பயந்த சாமான் என்பதற்கு அது ஒரு சாட்சி. மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 வீதம் குறைந்தது. உபாதைகள் பெரும்பாலும் கடுமை குறைந்தவை, நாளோடு தணிந்தவை. ஆக, வரும் என்று எதிர்பார்த்து ஆயத்தமாக இருக்கவேண்டிய சங்கதி இது.

படி ஏறும் கணக்கு

ஓசெம்பிக் 0.25 மில்லிகிராமில் தொடங்கும். அது எடை குறைக்கும் அளவு அல்ல, வயிற்றைப் பழக்கும் அளவு. வாரம் ஒரு ஊசியாக நான்கு வாரம் போனபின்தான் 0.5. விகோவிக்கு 0.25, 0.5, 1, 1.7, 2.4 என்று ஐந்து படி. ஒவ்வொன்றிலும் நான்கு வாரம் நின்றால் கடைசிப் படி வருவது ஐந்தாம் மாதத்தில். மௌஞ்சாரோ 2.5 இல் தொடங்கி, படிக்கு 2.5 ஆகக் கூடி, 15 வரை போகலாம்.

இங்கேதான் அவசரம் காலை வாரும். இரண்டு வாரம் போட்டும் தராசு அசையவில்லை என்று மூன்றாம் வாரமே அளவைக் கூட்டுவார்கள். செமக்ளூட்டைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். இந்த வார ஊசி போன வாரத்தின் மிச்சத்தின்மேல் ஏறி உட்காரும். ஒரே அளவின் முழுப் பலம் தெரிய நான்கு, ஐந்து வாரம் வேண்டும். முந்திக் கூட்டினால் இரண்டு படியின் பலம் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். சாதாரணக் குளிசை பலதும் என்றால் நிறுத்திய மறுநாள் தணியும். இதை நிறுத்தினாலும் வாரக்கணக்கில் உள்ளே நிற்கும். போட்டதை எடுக்க வழி இல்லை.

ஒரு படியில் ஓங்காளம் தாங்க முடியாமல் இருந்தால் அந்தப் படியிலேயே இன்னும் நான்கு வாரம் நிற்கலாம், அல்லது ஒரு படி இறங்கலாம். வைத்தியரிடம் கேட்டால் பெரும்பாலும் அதையே சொல்வார். கீழ்ப்படியிலேயே எடை இறங்கிக்கொண்டிருந்தால் மேலே ஏறவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஊசி தவறிப்போனால் ஓசெம்பிக்கை ஐந்து நாளுக்குள், மௌஞ்சாரோவை நான்கு நாளுக்குள் போடலாம். விகோவிக்கு அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். அதற்குமேல் பிந்தினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழமையான நாளில் தொடர வேண்டும். இரண்டு ஊசியைச் சேர்த்துப் போடுவது கூடவே கூடாது. மூன்று வாரம் வெளிநாட்டில் நின்றுவிட்டு வந்து பழைய 1 மில்லிகிராமையே போடுகிறவர்கள் இரவெல்லாம் குளியலறையில் நிற்பதுண்டு, வயிறு அதற்குள் பழக்கத்தை மறந்துவிடும். இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து விடுபட்டால் எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று கேட்டுவிட்டே போடவேண்டும்.

இரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு வருவது ஊசி போட்டு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள். கந்தோர் வேலைக்காரருக்கு வெள்ளி இரவு வசதி. சனி, ஞாயிறு வீட்டில் கழியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கல்யாணவீடு, கோயில் அன்னதானம் என்று அடிக்கடி போகிற குடும்பம் என்றால் திங்கள் இரவுதான் பொருத்தம். நாளை மாற்ற விரும்பினால் முந்திய ஊசிக்கும் புதியதுக்கும் இடையில் செமக்ளூட்டைட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள், டிர்செபடைட்டுக்கு மூன்று நாள் இருக்கவேண்டும்.

தட்டில் என்ன, எந்த ஒழுங்கில்

திருகோணமலைச் சமையலில் இந்த ஊசியோடு முரண்டு பிடிப்பது மிளகாய்த்தூளைவிடத் தேங்காய்ப்பாலும் பொரியலும்தான். கொழுப்பு தானாகவே இரைப்பையை மெதுவாக்கும். ஏற்கெனவே மெதுவாகிக் கிடக்கும் இரைப்பைக்கு அது இரண்டாவது பூட்டு. காலைச் சாப்பாடு பத்து இடியப்பம், முதற்பால் விட்ட சொதி, சம்பல், மீன்குழம்பு என்று இருந்த வீட்டில் மாற்றவேண்டியது சமையலை அல்ல, அளவையும் ஒழுங்கையும். இடியப்பம் மூன்று. சொதி இரண்டாம் பாலில்; முதற்பாலைப் பிழிந்து வீட்டில் மற்றவர்களின் கறிக்கு விடலாம். சிறிய தட்டொன்றை எடுத்து, முதலில் ஒரு அவித்த முட்டை அல்லது உள்ளங்கையளவு மீன், பிறகு மரக்கறி, கடைசியில் இடியப்பம். இந்த ஒழுங்கு ஏன் என்றால், நாலு வாயில் வயிறு போதும் என்று சொல்லிவிடும். அந்த நாலு வாயும் மாவாகப் போய்விட்டால் அன்றைக்குப் புரதம் இல்லை.

சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் வேண்டும். நிறுத்தவேண்டிய இடத்தை உடம்பு காட்டித்தரும்: திடீரென்று ஒரு விக்கல், ஒரு ஏப்பம், அல்லது வாயில் நீர் ஊறுவது. அது வந்தபின் இன்னும் இரண்டு வாய் வைப்பதுதான் சத்தியில் முடிகிறது. மிச்சம் வைக்கப் பழகாத கை நம்முடையது. அதனால் தட்டில் போடும்போதே குறைத்துப் போடவேண்டும். விருந்துக்குப் போன வீட்டில் "இன்னும் ஒரு கரண்டி" என்று மாமி நிற்பார். வயிற்றுக்கு மருந்து எடுக்கிறேன் என்று முதலே சொல்லிவிடுங்கள். உடம்பு குறைக்கிறேன் என்று சொன்னால் இரண்டு கரண்டியாக விழும்.

ஊசி போட்ட அடுத்த இரண்டு, மூன்று நாளுக்குக் கொத்து, பராட்டா, கடற்கரை இறால் வடை, றோல்ஸ், ஆட்டிறைச்சிப் பிரட்டல், வட்டிலப்பம் வேண்டாம். அந்த நாட்களில் இறங்குகிறவை: உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இரசம், வாட்டின பாணோடு முட்டை, விளைமீன் அல்லது பாரை போட்ட தண்ணீர்ச் சொதி, ஆறின தயிர்ச்சோறு. ஆறின சாப்பாட்டுக்கு மணம் குறைவு. ஓங்காளத்தைக் கிளப்புவது பலருக்கு ருசியைவிட மணம். கருவாடு பொரிக்கிற நேரம் வெளி விறாந்தைக்குப் போய்விடுவது வெட்கப்படவேண்டிய காரியம் அல்ல. கீரிமீன் நல்ல மீன், ஆனால் நெய் கூடினது. வாரக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இஞ்சி போட்ட பிளேன்ரீ, வேர்க்கொம்பும் மல்லியும் அவித்த தண்ணீர் இரண்டும் லேசான ஓங்காளத்துக்கு உதவும், சீனி இல்லாமல், ஆறவைத்து, மிடறு மிடறாக. அதற்கு அடங்காவிட்டால் வைத்தியர் டொம்பெரிடோன் போன்ற குளிசையைச் சில நாளுக்குத் தரக்கூடும். இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் வாங்கிப் போடக்கூடாது. ஒண்டன்செற்றோன் சத்தியை நிறுத்தும், ஆனால் மலத்தை இறுக்கும். ஏற்கெனவே மூன்று நாளாய்ப் போகாதவருக்கு அது எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழுவது.

அழுகின முட்டை மணத்தோடு ஏப்பம் வருவது இந்த ஊசிக்காரர் எல்லோரும் காதோடு காதாகக் கேட்கும் கேள்வி. சாப்பாடு நெடுநேரம் தங்குவதால் உண்டாகும் வாயு அது. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, படுக்க மூன்று மணிநேரம் விட்டால் பெரும்பாலும் தணியும். அந்த ஒன்றிரண்டு நாளுக்கு முட்டை, கோவா, வெங்காயம், சோடா ஆகியவற்றைத் தள்ளிவைக்கலாம். ஏப்பத்தோடு வயிற்றோட்டமும் சேர்ந்துவிட்டால் அன்றைக்குக் கஞ்சியும் ஜீவனியும் (பக்கற்றில் வரும் உப்புச்சீனிக் கரைசல்) மட்டும்.

போத்தலில் கோடு

தாகமும் ஒருவகைப் பசிதான். ஊசி அதையும் அடக்கிவிடும். மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் அடிக்கும் காலத்தில் திருகோணமலையில் வியர்வை காய்கிறதுகூடத் தெரியாது. தண்ணீர் வேண்டும் என்று உடம்பு கேட்கும் என்று காத்திருந்தால் கேட்காது. கணக்கு வைத்துத்தான் குடிக்கவேண்டும்.

ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து மார்க்கர் பேனையால் மூன்று கோடு போடுங்கள். மேல்கோட்டுக்குப் பக்கத்தில் 9, நடுக்கோட்டில் 12, கீழ்க்கோட்டில் 3 என்று எழுதுங்கள். அந்தந்த மணிக்குத் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்திருக்கவேண்டும். ஐந்து மணிக்குப் போத்தல் வெறுமையாகவேண்டும். அதற்குப் பிறகு இரவுவரை இன்னும் அரை லீற்றர், முக்கால் லீற்றர். ஒரே மூச்சில் ஒரு தம்ளரைக் கவிழ்த்தால் வயிறு திருப்பி அனுப்பும். பத்து நிமிடத்துக்கு இரண்டு மிடறு என்றால் நிற்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும், ஆகவே அரைமணி முந்தி அல்லது அரைமணி பிந்தி. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் கணக்குச் சரி. கடும்மஞ்சள், அல்லது எட்டு மணிநேரமாகப் போகவே இல்லை என்றால் கணக்குப் பிழைத்துவிட்டது. இருதய பலவீனத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது.

சத்தியோ வயிற்றோட்டமோ தொடங்கினால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் போகிறது. ஜீவனி ஒரு பக்கற்றை முழுவதுமாக ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் கரைக்கவேண்டும். பாதிப் பக்கற்றை ஒரு தம்ளரில் கண்ணளவாகக் கரைப்பது பிழை; உப்பு கடுத்தால் ஓட்டம் கூடும். கரைத்தது 24 மணிநேரத்துக்குள் முடியவேண்டும். வீட்டில் பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டத் தேக்கரண்டியால் ஆறு சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சீனி வருத்தம் உள்ளவர்கள் இதற்குப் பயந்து குடிக்காமல் விடுவது பெரிய ஆபத்து. வற்றினால் சிறுநீரகம் அடிவாங்கும். ஆனால் சத்தி ஓட்டம் இல்லாத நாளில் இதைச் சர்பத் போலக் குடிக்கவும் தேவை இல்லை.

செவ்விளநீர் நல்லதுதான், ஜீவனிக்கு மாற்று அல்ல. அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் பிரசருக்கு லொசாட்டன், எனலப்பிரில் எடுக்கிறவர்களுக்கும் பொட்டாசியம் கூடுவது இருதயத்துக்கு ஆகாது. காரணம் புரியாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு ஒட்டிய பதவிசிறிபுரம் போன்ற எங்கள் உட்பகுதிகளையும் தொட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தவர்கள் ஊசி தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து வைப்பது மிக அவசியம்.

மலச்சிக்கலில் எல்லோரும் செய்கிறது, கேள்விப்பட்ட உடனே நார்ச்சத்தை அள்ளிப் போடுவது. தண்ணீர் கூடாமல் நார் மட்டும் கூடினால் அது உள்ளே சீமெந்தாகும். ஒழுங்கு இதுதான்: முதலில் மேலே சொன்ன போத்தல் கணக்கு சரியா என்று பார்ப்பது, பிறகு ஒரு துண்டுப் பப்பாசி, வல்லாரை அல்லது முளைக்கீரை, மாலையில் அரைமணி நடை, அதன்பிறகுதான் இசப்கோல் என்ற நார்த்தூள் ஒரு தேக்கரண்டி, நிறைந்த தம்ளர் தண்ணீரோடு. மூன்று நாளாகியும் போகாவிட்டால் லக்ருலோஸ் பாணி 15 மில்லிலீற்றர் காலை மாலை எடுப்பது வழக்கம்; அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் எடுக்கும், முதல் நாளே அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். வயிறு வீங்கி, வாயுவும் பிரியாமல், சத்தியும் வந்தால் பேதிமருந்து எதுவும் எடுக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். குடல் அடைப்பாக இருக்கலாம்.

குளிசைக்காரருக்கு

எடை குறைக்க எடுக்கும் ஓர்லிஸ்டட் குளிசை வேறு சாதி. மூளையோடு அதற்குக் கதை இல்லை. சாப்பாட்டின் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். உறிஞ்சப்படாத எண்ணெய் போகவேண்டிய வழியாலேயே போகும். உள்ளாடையில் செம்மஞ்சள் எண்ணெய்க் கறை, அடக்க முடியாத அவசரம், வாயுவோடு கசிவு எல்லாம் அதனால்தான். மருந்தின் பிழை அல்ல, தட்டின் கணக்கு. கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றரில் கொழுப்பு 20 கிராமுக்குக் கிட்ட இருக்கும். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அதுவே அளவு கடந்தது. 120 மில்லிகிராம் குளிசையைச் சாப்பாட்டோடு அல்லது ஒரு மணிநேரத்துக்குள் எடுக்கவேண்டும். கொழுப்பில்லாத சாப்பாடு என்றால் அந்த நேரக் குளிசையை விடலாம். ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் கூடவே வெளியேறுவதால் விற்றமின் குளிசையைப் படுக்கும்போது எடுக்கவேண்டும். தைரொக்சின் எடுக்கிறவர்கள் நான்கு மணிநேர இடைவெளி விடவேண்டும்.

செமக்ளூட்டைட் குளிசை வடிவிலும் உண்டு, ரைபெல்சஸ். வெறும் வயிற்றில், 120 மில்லிலீற்றருக்கு மேற்படாத தண்ணீரோடு எடுத்து அரைமணி பொறுக்கவேண்டும். பிளேன்ரீயோடு விழுங்கினால் காசு கரியாகிறது.

மற்ற மருந்துகளோடு மோதும் இடம்

சீனி வருத்தத்துக்கு தோல்புட்டமைட், கிளிக்லசைட், கிளிமெப்பிரைட் அல்லது இன்சுலின் எடுக்கிறவருக்கு ஊசியும் சேர்ந்தால் சீனி கீழே விழலாம். சாப்பாடு பாதியாகிவிட்டது, குளிசை பழைய அளவில் நிற்கிறது. ஊசி தொடங்கும் அன்றே அவற்றின் அளவைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, சீனி அளவு 70 க்குக் (mg/dL) கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்கவேண்டும். பிஸ்கற் வேண்டாம், மெதுவான இரைப்பையில் அது அங்கேயே நிற்கும்.

எடை எட்டு, பத்துக் கிலோ இறங்கும்போது பிரசரும் இறங்கும். படுக்கையால் எழும்பும்போது கண் இருண்டால் பிரசர்க் குளிசையின் அளவைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. சத்தி ஓட்டம் கடுமையான நாளில் மெட்போமின், எம்பாகிளிபுளோசின், லொசாட்டன், எனலப்பிரில், தண்ணீர் போக எடுக்கும் குளிசை ஆகியவற்றில் எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். இரவு ஒரு மணிக்குக் கேட்க ஆள் இருக்காது. அன்றைக்கு டைக்குளோபெனாக், ஐபூபுரோபென் போன்ற நோவுக் குளிசைகளைத் தொடவேண்டாம்.

மௌஞ்சாரோ போடும் பெண்கள் கருத்தடைக் குளிசையை மட்டும் நம்பக்கூடாது. தொடங்கி நான்கு வாரமும், ஒவ்வொரு படி ஏறியபின் நான்கு வாரமும் ஆணுறையும் வேண்டும். பிள்ளைக்கு ஆயத்தமாகிறவர்கள் செமக்ளூட்டைட்டை இரண்டு மாதம் முந்தி நிறுத்தவேண்டும். தைரொயிட்டில் மெடுலரி வகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இந்த ஊசிகள் இல்லை. சலரோகத்தால் கண் பாதிக்கப்பட்டவர்கள் தொடங்குமுன் கண் கிளினிக்குக்குப் போய்வருவது முறை. சீனி திடீரென இறங்கும்போது விழித்திரை சிலருக்கு மோசமாகும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படுவது நோன்பு பற்றியது. ரமழானுக்கு முந்திய ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் புதிதாகத் தொடங்குவதும் படி ஏறுவதும் வேண்டாம். பழகிய அளவில் நிற்கிறவர் நோன்பு திறந்தபின் ஊசியைப் போடலாம். பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர், தேங்காய்ப்பால் குறைத்த நோன்புக் கஞ்சி சிறு கிண்ணம்; பொரியல் அன்றைக்கு இல்லை. ஸஹரில் முட்டையோ தயிரோ இருக்கவேண்டும். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் கண்விழிக்கிறவருக்கும் கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறவருக்கும் இதே கணக்கு: விரதத்துக்கு முந்திய வாரத்தில் அளவைக் கூட்டவேண்டாம், தண்ணீரையும் துறக்கும் விரதம் வேண்டாம். இன்சுலின் எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்த விரதமும் பிடிக்கக்கூடாது.

பேனாவும் பிரிஜ்ஜும்

திறக்காத பேனா 2 இலிருந்து 8 பாகை வரை. பிரிஜ்ஜின் நடுத்தட்டுத்தான் இடம். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் உறையும், ஒருமுறை உறைந்த மருந்து உருகினாலும் குப்பைதான். திறந்த பேனாவை 30 பாகைக்குக் கீழே வெளியில் வைக்கலாம் என்று தாளில் இருக்கும். திருகோணமலை வீட்டில் பகலில் அந்த 30 மாதக்கணக்கில் கிடையாது. ஆகவே திறந்ததும் பிரிஜ்ஜுக்குள்ளேயே. திறந்த திகதியைப் பேனாவின் மேல் எழுதிவிடுங்கள். கொழும்புக்கு இரவு ரயிலில் போகும்போது அகலவாய்ப் பிளாஸ்கில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, துவாயில் சுற்றிய பேனாவை ஐஸில் தொடாதபடி வைத்தால் போதும்.

போடுவதற்கு அரைமணி முந்தி வெளியே எடுத்தால் கடுப்புக் குறையும். தொப்புளிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி, அல்லது தொடையின் முன்பக்கம். வாரம் வாரம் இடத்தை மாற்றவேண்டும். ஓசெம்பிக்கில் எண் பூச்சியத்துக்கு வந்தபின் மெதுவாக ஆறு எண்ணிவிட்டே ஊசியை எடுக்கவேண்டும். எடுத்ததும் தோலில் பெரிய துளி நின்றால் முந்தி எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்காக இன்னொரு தடவை போடக்கூடாது. ஊசிமுனையைப் பூட்டியபடி பேனாவை வைத்தால் மருந்து கசியும், காற்றுப் புகும். கழற்றிய முனைகள் மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலுக்குள். அக்காவும் தங்கையும் முனையை மாற்றி ஒரே பேனாவைப் பாவிப்பது சிக்கனம் அல்ல. இரத்தம் பேனாவுக்குள் பின்வாங்கி ஈரல் அழற்சிக் கிருமியைக் கடத்தும்.

முகநூலில் மலிவாக வரும் பேனாவை வாங்கவேண்டாம். பிரேசில், ஐக்கிய இராச்சியம், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023 இல் போலி ஓசெம்பிக் பிடிபட்டதைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. அங்கேயே அப்படி என்றால்.

பக்கவிளைவு என்று பொறுக்கக்கூடாதவை

மேல்வயிற்றில் கடும் நோ, முதுகுக்குப் பாய்ந்து, மணிக்கணக்கில் விடாமல், சத்தியோடு நின்றால் அது சதையி (கணையம்) அழற்சியாக இருக்கலாம். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே நோ, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பை. எடை வேகமாக இறங்குகிறவர்களுக்குப் பித்தக்கல் கூடுதலாக வரும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, அல்லது பார்வை திடீரென மங்கியது என்றாலும் அப்படியே. இவற்றில் எதற்கும் அடுத்த ஊசி இல்லை, 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

முடி கொட்டுவது இந்த வரிசையில் இல்லை. எடை வேகமாக இறங்கி இரண்டு, மூன்று மாதத்தில் சீப்பில் கொத்தாக வரும், எடை நிலைத்தபின் மாதக்கணக்கில் திரும்ப முளைக்கும். எண்ணெயை மாற்றிப் பயனில்லை. புரதம், இரும்புச்சத்து, தைரொயிட் மூன்றையும் பார்க்கவேண்டும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது: முட்டை ஒன்றில் 6, சமைத்த சூரைமீன் 100 கிராமில் 25 அளவில், கட்டிப் பருப்பு அரைக் கோப்பையில் 8 அல்லது 9. சிறுநீரகம் பழுதானவர்கள் இதைக் கேட்டுவிட்டே கூட்டவேண்டும். கொழுப்போடு தசையும் கரைவதால் கதிரையில் இருந்து எழும்புவதை, கை ஊன்றாமல், பத்துத் தரமாக மூன்று சுற்று, ஒன்றுவிட்டொரு நாள் செய்யுங்கள். மாடிப்படி ஏற முழங்கால் நடுங்கத் தொடங்கினால் தராசு காட்டும் சந்தோசத்தில் ஒரு பங்கு தசை.

நிறுத்துவதும் ஒரு படிதான். மேலே சொன்ன ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பியிருந்தது. திருவிழாவுக்கு முன் குறைத்துவிட்டு நிறுத்துவோம் என்ற திட்டத்தோடு தொடங்குவதென்றால் தொடங்காமல் இருப்பதே லாபம்.

ஒரு சிறு மட்டையில் மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட திகதி மூன்றையும் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்கோ வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்ப்பதற்கோ போனால், பட்டினியாக வந்தேன் என்று நீங்கள் சொன்னாலும் இரைப்பை வெறுமையாக இருக்காது. மயக்கமருந்து கொடுத்தபின் உள்ளே இருப்பது மூச்சுக்குழாய்க்கு ஏறலாம். திகதி குறித்தவுடனேயே மயக்கமருந்து வைத்தியரிடம் அந்த மட்டையைக் காட்டவேண்டும். திகதியை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், வாரம் ஒருமுறை அழித்தெழுத வேண்டிவரும்.